பொக்கை அடுக்கு

விறகு அடுக்குவதில் ஒரு கள்ளம் இருக்கிறது. முன்பக்கம் கட்டைகளை நெருக்கி வைக்க வேண்டும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வயிற்றைக் காலியாக விட வேண்டும். வெளியே நின்று பார்த்தால் முழு அடுக்கு. உள்ளே ஒரு ஆள் குந்தலாம். தேயிலை பேக்டரி அடுப்பில் இருபத்தாறு வருஷம் நான் அப்படித்தான் அடுக்கினேன். எனக்கு முன்னால் இருந்த வீரய்யாவும் அப்படித்தான்.

மிஞ்சுகிற கட்டை நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகும். பிள்ளை பிறந்த வீடு, சாவு வீடு, காய்ச்சல்காரன் வீடு, இந்த மூன்றுக்கும் அடுப்புக்காரன் காய்ந்த கட்டை கொண்டுபோய்ப் போட வேண்டும். பொகவந்தலாவை மழையில் தேயிலைச் செடியில் வெட்டிய மெலாறு எரியாது, புகையும், அவ்வளவுதான். என் வீட்டுக்கும் தினம் இரண்டு கட்டை வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். பேக்டரிக் கணக்குப் புத்தகத்தில் இதெல்லாம் வராது. இன்றைக்கு எரிந்தது மூன்று அடுக்கு என்று எழுதுவார்கள், அதோடு சரி.

இரண்டாயிரத்து எட்டில் என் மகள் வினோதா பஜாரில் உள்ள போன் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பாடம் படித்தாள். பள்ளிக்கூடம் இல்லை, வாத்தியார் ஏதோ வெளிநாட்டில். பூமி சூடாகிறதாம். புகையைக் குறைக்க வேண்டுமாம். குறைக்கிறதுக்கு முன்னால் எவ்வளவு விடுகிறோம் என்று கணக்கெடுக்க வேண்டுமாம்.

"பொகைய எப்புடி அளப்ப புள்ள? சாக்குல புடிச்சா?"

"வெறக அளந்தா பொகை தெரியும்ப்பா. ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு எரியுதுன்னு பாக்கணும்."

"அந்த வாத்தியாரப் பாத்திருக்கியா?"

"இல்ல. எழுத்துலதான் பேசுவாரு."

"மூஞ்சி தெரியாதவனுக்கு நம்ம வெறகுல என்ன வேல?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களைக் கணக்கெடுக்க வந்தவன் எவனும் நல்லது செய்து நான் பார்த்ததில்லை. கொழுந்தை அளந்தார்கள், பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். ஆட்களை எண்ணினார்கள், எண்ணி முடித்து என் தம்பியை இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றினார்கள்.

ஆனாலும் அந்தப் பாடம் அவளுக்கு வேண்டும். தூள் வாங்குகிற கம்பெனி கேட்டதால் இந்தக் கணக்குக்கென்றே தோட்டத்தில் ஒரு வேலை போடப் போனார்கள். சான்றிதழ் எடுத்தால் வேலை உனக்குத்தான் என்று பேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் செல்வரத்தினம் ஐயா அவளிடம் சொல்லியிருந்தார். எடுக்காவிட்டால் குவைத்தில் வீட்டு வேலை. எனக்கு மார்ச்சோடு வேலை முடிகிறது. பாஸ்போர்ட் ஏஜென்டு கையில். திங்கட்கிழமை வேன் வரும். அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு குவைத்துக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவள். அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல.

கடைசிப் பரீட்சைக்கு எங்கள் பேக்டரியின் ஒரு வருஷப் புகையைக் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். பேக்டரிப் புத்தகத்தைப் பார்த்து எழுதி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது.

"ஒரு கிலோ தூளுக்கு மூனு கிலோ வெறகு எந்த பேக்டரியிலயும் எரியாதாம்ப்பா. அளவுல ஏதோ பிசகு, அடுக்குற ஆளப் போய்க் கேளுன்னு எழுதியிருக்காரு." என் முகத்தைப் பார்த்தாள். "அடுக்குக்குள்ள முழுசாத்தான் இருக்கா?"

எங்கேயோ இருக்கிற ஒருத்தன் என் அடுக்குக்குள் கையை விட்டுவிட்டான். இது தோட்டக் கம்பெனியின் வேலைதான், விறகுக் கள்ளனைப் பிடிக்க என் மகளையே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முழுசு என்றால் பாஸாவாள், பொக்கை என்றால் கள்ளன் மகள் என்று தள்ளுவார்கள் என்றும் நினைத்தேன்.

"முழுசுதான். எலி கூட நொழையாது" என்றேன்.

வியாழக்கிழமை அவள் சாப்பிடவில்லை. "நாளைக்கு அஞ்சு மணியோட மூடிருவாங்கப்பா. அந்த நம்பர அவரு ஏத்துக்கவே மாட்டேங்குறாரு."

"வேற யாரையாச்சும் கேளு."

"அடுக்குறது நீங்கதானே?"

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அடுப்புக்கு முன்னால் நின்றேன். பெட்டியில் வந்த அம்மாக்கண்ணுவின் கால் விரல்தான் கண்ணுக்குள் நின்றது. மத்தியானம் அடுக்குகளைப் பிரித்துக் கொட்டினேன். மூன்றையும் நெருக்கி அடுக்கினால் இரண்டுதான் வந்தது. இதைத்தான் அவள் கேட்டாள்.

புறப்படும்போது டீமேக்கர் வந்துவிட்டார்.

"என்ன காணும் செய்யிறீர்?"

"பொக்கைங்க ஐயா. மூனு அடுக்குன்னு எழுதுறது ரெண்டுதாங்க. புள்ளைகிட்ட சொல்லணும்."

"உமக்கு விசரே? எட்டு வரியமா என்ர கையெழுத்தில போன புத்தகம் இது!"

"நான்தாங்க எடுத்தேன். ஐயா பேரச் சொல்ல மாட்டேன். போயிட்டு வந்துர்றேங்க."

"துரை வருமட்டும் இதில இரும்."

"ஒரு போனு மட்டும் போட்டுக்கிறேங்க. கடைக்கு."

"ஒண்டும் வேண்டாம்."

ஆபீஸ் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் மணிக்கூடு. தோட்டத்துத் துரை வந்தபோது நாலரை. எழுதி வைத்த தாளில் என் பேரை எழுத்துக் கூட்டிப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்கவில்லை. பஜாருக்கு மூன்று மைல். ஓடினேன். அறுபத்து நாலு வயசில் ஓடுகிறதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.

கடையில் வினோதா கம்ப்யூட்டருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மூனுக்கு ரெண்டு! எழுது புள்ள. உள்ளுக்குப் பொக்கை. எழுது!"

"மூடிட்டாங்கப்பா. அஞ்சே கால் ஆச்சு."

"தெறக்கச் சொல்லு. ஒங்கப்பன் கள்ளன்னு எழுது. அந்த ஆளு எரக்கப்படுவாரு. எழுது புள்ள, எழுது." கடைக்காரன் வந்து என் தோளைப் பிடித்தான். நான் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம்.

அவளும் எழுதி அனுப்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும்ப்பா. நம்ம அடுப்புல எந்த வெறகு எரிஞ்சிச்சுன்னு தெரியாமயா வளந்தேன்?"

"அப்ப நீயே எழுதியிருக்கலாமே, பாவி!"

"யாரு சொன்னதுன்னு கீழ பேர் போடணும். நீங்க முழுசுன்னு சொல்றீங்க. ஒங்க பேர வச்சு நான் எப்புடிப் பொக்கைன்னு போடுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. கணக்கு இப்போது சரியாம். வருத்தமாம். ஆறு மாதத்தில் அடுத்த வகுப்பாம்.

திங்கட்கிழமை வேன் வந்தது. நெஞ்சோடு சேர்த்த கையை எடுக்காமல் ஏறினாள். கைக்குள் புகைக் கணக்கு எழுதிய கொப்பி இருந்தது. அங்கே அதை வைத்து என்ன செய்யப் போகிறாள்?

கட்டிலுக்குக் கீழே இரண்டு கட்டை மிஞ்சியிருந்தது. மறுநாள் தோளில் போட்டுக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். வாச்சர் கேட்டைத் திறக்கவில்லை. உன்னை உள்ளே விட வேண்டாம் என்று எழுத்து வந்திருக்கிறது என்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டையும் கேட்டுக்கு வெளியே, இடைவெளி இல்லாமல், ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்துவிட்டு வந்தேன்.