கண்ணால் கண்ட சாட்சி

செக்காலை ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் கூடுகிற எங்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைக்கு இரண்டு மூப்பர்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் முத்துக்கண்ணன். இன்னொருவர் அவருடைய சிநேகிதர் சத்தியமூர்த்தி. வேதத்திலோ விசுவாச வினாவிடையிலோ இருவருக்கும் ஓர் எழுத்துக்கூட பேதம் கிடையாது. நம்பாதவனிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யாராவது கேட்டால்தான் வந்தது வினை. டீ ஆறி ஏடு கட்டும் வரை ஓயமாட்டார்கள்.

சத்தியமூர்த்தி அண்ணன் ஆதாரக் கட்சி. ஆண்டவரின் கல்லறை காலியாக இருந்தது, உயிர்த்தெழுந்த அவரைப் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள், அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். இதை எடுத்து வைப்போம், கேட்பவன் சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்பார். என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்காது.

"கடவுளக் கூண்டுல ஏத்தி விசாரிக்க நம்ம யாருடா? நம்பாதவனுக்கும் உள்ளுக்குள்ள அவரத் தெரியும். தெரிஞ்சும் அமுக்கி வச்சிருக்கான். வேதத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆதாரத்துல நிக்கிற விசுவாசம், ஆதாரம் ஆடுனா ஆடிரும்."

எனக்கு இருவர் மேலும் எரிச்சல்தான் வரும்.

என் மாமனார் உடையப்பன் அமராவதிபுதூரில் விவசாயம் பார்த்தவர். திருநீறு பூசாமல் வயலில் இறங்கமாட்டார். ஒரே மகன் வேதத்தில் சேர்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தனக்குக் கொள்ளி வைக்கமாட்டான் என்பதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை. மதுரையில் இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் மகனையும் சிநேகிதரையும் வரச் சொன்னார்.

"கொள்ளிய என் தம்பி மகன் முத்தரசு வைக்கட்டும். நீ ஏன் வைக்கமாட்டேங்கிறன்னு எனக்கு விளங்கணும். அம்புட்டுத்தான்" என்றார் மகனிடம்.

முதலில் சத்தியமூர்த்தி அண்ணன்தான் பேசினார். சாட்சிகளை வரிசையாகச் சொன்னார். மாமா குறுக்கிடாமல் கேட்டார்.

"பாத்தவுக சொன்னாக, சரி. நாளைக்கு இதைவிடப் பலமான சாட்சி எதிரா வந்தா என்ன செய்வீக தம்பி?"

"விசாரிச்சுப் பாப்பேன் ஐயா. ஆனா வராதுன்னு நம்புறேன்."

"விசாரணை முடியாத வழக்குக்கா என் மகன் எனக்குக் கொள்ளி வைக்கமாட்டேங்கிறான்?"

பிறகு மகனைப் பார்த்தார். இவர் தலை நிமிரவில்லை. பிரசங்கத்தில் சரளமாக வருகிற வாக்கியம் அப்பாவின் முகத்துக்கு நேரே வரவில்லை.

"சொல்லுடா."

"உங்களுக்கு ஆண்டவரத் தெரியும்ப்பா. தெரிஞ்சும் அமுக்கி வச்சிருக்கீக."

"அப்ப இத்தன வருசமா நான் சாமி கும்புட்டது பொய்யி."

இவர் அழுதார். மாமாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"அந்தத் தம்பி என்னையத் தீர்ப்புச் சொல்லச் சொன்னாரு. நீ எனக்கே தீர்ப்புச் சொல்லிட்ட. இருந்தாலும் ஒளிக்காமச் சொன்ன பாரு" என்று மகனின் தலையில் கைவைத்தார். "சுடுகாட்டுக்கு மட்டும் வந்துரு."

ஆபரேஷன் அன்று காலை இன்னும் ரத்தம் வேண்டும் என்றார்கள். இவர் ரத்த வங்கிக்கு ஓடினார். நான் மருந்து வாங்கக் கீழே போனேன். அந்த நேரம் பார்த்து மாமாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தள்ளுவண்டியோடு கதவு வரைக்கும் போனவர் சத்தியமூர்த்தி அண்ணன் மட்டும்தான். மாமா உயிரோடு திரும்பவில்லை.

முத்தரசு கொள்ளி வைத்தான். இவர் தள்ளி நின்றாராம். சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்களாம். வீடு திரும்பியதும் இவர் சத்தியமூர்த்தி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா நீதான் பக்கத்துல இருந்த. அப்பா ஏதாச்சும் சொன்னாரா? உதடு அசைஞ்சுச்சா? ஆண்டவர் பேர ஒரு தடவையாச்சும்... சின்னதா ஒண்ணு இருந்தாலும் போதும்டா."

ஆதாரத்தைக் கிட்டவே சேர்க்காத மனிதர் இப்படிக் கேட்டார்.

சத்தியமூர்த்தி அண்ணன் தலையசைத்து மறுத்தார்.

"மயக்க ஊசி போட்டுட்டாக. கண்ணு மூடியிருந்துச்சு. நான் ஒண்ணும் பாக்கலடா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பொய் சொன்னால் அண்ணனுக்கு என்ன குறைந்துபோகும்? ஆனால் பார்க்காததைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அவரும் அழுதுகொண்டுதான் நின்றார்.

இவர் பிடித்த கையை விடவில்லை.

"நல்லா நெனச்சுப் பாருடா" என்றார்.