பத்தொன்பது அங்குலம்

இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிய சத்தத்திலேயே குந்தவைக்குத் தெரிந்துவிட்டது, போனது டயர் மட்டும் இல்லை என்று. ஸ்டீயரிங் கையை மீறி இழுத்தது. எப்படியோ காரை வாய்க்கால் கரையை ஒட்டி நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் அப்பா அமிர்தலிங்கம் நெஞ்சைப் பிடித்தபடி முன்னால் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னாச்சு பாப்பா?"

"ஒண்ணுமில்லப்பா. காத்து எறங்கிடுச்சு. பாத்துட்டு வந்துடுறேன்."

இறங்கினாள். இரண்டு நாள் மழை. நடவுக்குப் போகும் டிராக்டர்கள் சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு ஏறி இறங்கிச் சாலையின் ஓரத்தை அறுத்துப் போட்டிருந்தன. அந்த அறுப்பைச் சேற்றுத் தண்ணீர் மூடியிருந்ததில் எல்லாம் சமமாகத் தெரிந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல். வெண்கல நிற வீலின் விளிம்பில் ஒரு துண்டையே காணவில்லை. அந்தக் காருக்கு ஸ்டெப்னி கிடையாது. ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும் பசையும் ஒரு சின்னப் பம்பும்தான் பின்னால் இருந்தன.

108-ஐ அழைத்தாள். வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள்.

காலையில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதுமே அம்மா சாவித்திரி சொன்னாள், "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுடி." குந்தவைதான், "அது வந்து சேர்றதுக்குள்ள நான் தஞ்சாவூரே போயிடுவேம்மா" என்று சாவியை எடுத்தாள். அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

குந்தவைக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் வேலை. சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், பழையதுதான், போன வருடம் வாங்கினாள். சித்திரையில் அப்பாவை இதயப் பரிசோதனைக்குச் சென்னைக்கு வரவழைத்தபோது, அது முடிந்த கையோடு டயர் மாற்றுவதற்கும் கூட்டிக்கொண்டு போனாள். காரோடு வந்த பதினேழு அங்குல வீல்களை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல டயராகப் போடுவது என்றுதான் நினைத்திருந்தாள். மிஞ்சிப்போனால் பதினெட்டு.

அவள் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த வீல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி போன அப்பா ஓரிடத்தில் நின்றுவிட்டார். மெல்லிய கம்பிகளாய் விரிந்த வெண்கல நிற வீல்.

"பாப்பா, இது நம்ம காருக்குச் சேருமா?"

"சேரும்ப்பா. பத்தொம்பது இஞ்சு. ஆனா வீலு பெருசானா டயரு ஒல்லியாயிடும். ரெண்டும் சேந்து மொத்த உயரம் பழையபடிதான் இருக்கணும், இல்லாட்டி ஸ்பீடு தப்பாக் காட்டும், மேல ஒரசும். ரப்பர் இருக்குற எடத்தையும் வீலே எடுத்துக்கும். பள்ளத்துல விழுந்தா தாங்காது."

"நம்ம ஊரு ரோட்டுக்கு நீ எப்பவாவதுதானே வர."

குறையாகச் சொல்லவில்லை. அப்பா ஒரு பொருளை அழகுக்காகத் தேர்ந்தெடுத்து அவள் பார்த்ததே இல்லை. மோட்டார், மருந்தடிக்கிற மெஷின், ஏன், சட்டைத்துணிகூட அழுக்குத் தெரியாததாகத்தான் எடுப்பார். அந்த வீலை அவர் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குந்தவை கடைக்காரரிடம் திரும்பி, "பத்தொம்பதே போட்டுடுங்க. டயரு ஒல்லியா, முப்பத்தஞ்சு ப்ரொஃபைல்" என்றாள்.

பழைய வீல்களை அப்பா விடவில்லை. "ஊருக்கு வர்றப்ப மாத்திக்கலாம்" என்று டயரோடு கட்டி லாரி பார்சலில் அனுப்பி, வீட்டுக் கொட்டகையில் அடுக்கிவைத்தார். இந்தத் தீபாவளிக்கு வந்த அன்றே அவள் மாற்றத்தான் போனாள். "இருக்கட்டும் பாப்பா. பண்டிகை முடியட்டும். நாலு பேரு பாக்கட்டும்" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

காருக்குத் திரும்பி அவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தாள்.

"ஒடஞ்சிடுச்சா?" என்றார்.

"இல்லப்பா. காத்துதான்."

"நான் சொன்னதாலதானே மாட்டுன."

"இல்லப்பா. எனக்கே அதுதான் பிடிச்சிருந்துது. நீங்க சொல்லாட்டியும் அதத்தான் எடுத்திருப்பேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "பாக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

நாற்று முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை மினி லாரி வந்தது. அவள் நடுரோட்டில் நின்று கையை விரித்தாள். ஓட்டிவந்த வீரையன் இறங்கி ஓடிவந்து பார்த்துவிட்டு, "அட, அமிர்தலிங்கம் அண்ணன்!" என்றான். அவரால் உட்கார முடியவில்லை. இருவருமாகத் தூக்கிப் பின்னால் நாற்று முடிச்சுகளின் மேல் சாய்த்தார்கள். குந்தவை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஈர நாற்றின் குளிர்ச்சி சேலையைத் தாண்டி ஏறியது.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்தார். கைக்குக் கிடைத்த நாற்றுத் தாள் ஒன்றை இழுத்து நெருடிப் பார்த்தார்.

"நாத்து முத்திடுச்சே. யாரு வயலுக்கு?"

"கேட்டுச் சொல்றேம்ப்பா."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. தஞ்சாவூருக்குள் நுழைந்தபோது அவர் கை அவள் கையில் கனத்தது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை இழுத்தார்கள், டாக்டர் ஓடிவந்தார், எல்லாம் நடந்தது. வெளியே வந்த டாக்டரிடம், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டாள்.

அந்த டாக்டருக்கு அவள் வயதுதான் இருக்கும். "சொல்ல முடியாதுங்க" என்றார். முன்னாடி வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

தம்பி பரணிதரன் சிங்கப்பூரிலிருந்து மறுநாள் காலை வந்து சேர்ந்தான். மதியம் எடுத்தார்கள். கொள்ளி வைத்து, மொட்டைத் தலையோடு வந்து, கொல்லையில் குளித்துவிட்டு நின்றவன் ஈரத்தோடேயே அவளிடம் ஆரம்பித்தான்.

"வர்ற வழியில காரப் பாத்தேன்."

அவள் துண்டை நீட்டினாள்.

"இந்த ரோட்டுக்கு யாரு அக்கா முப்பத்தஞ்சு ப்ரொஃபைல் போடச் சொன்னா? கார் கம்பெனியிலதானே இருக்க? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ஷோவுக்கா?"

"ஆமா. நான்தான் பிடிச்சுப்போய்ப் போட்டேன்."

அவன் துண்டை வாங்காமலே உள்ளே போனான். கிணற்றடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து குந்தவையைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து, நனைந்த முந்தானையைப் பிழியத் தொடங்கினாள். அன்று முழுக்க, வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "வண்டி இருந்துமா?" குந்தவை ஒவ்வொருவருக்கும் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் காலை காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பியபோது, சாலையில் நிற்கும் காரால் நடவு டிராக்டர்கள் திரும்ப முடியவில்லை என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ரெக்கவரி லாரி ஒன்று காரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கியது. சக்கரம் உடைந்த மூலை தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

லாரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "இந்த வீலு ஒத்தையாக் கெடைக்காதுங்க. நாலையும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குந்தவை கொட்டகைக்குப் போய்ச் சாக்கை விலக்கினாள். நான்கு பதினேழு அங்குல வீல்கள். டயரில் தூசிகூட இல்லை. அப்பா துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து வாசலில் சாய்த்தாள். ஜாக்கி வைத்து உடைந்ததைக் கழற்றினாள். பிறகு பின்சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை வைத்தாள்.

"அது எதுக்குடி?" அம்மா நிலைவாசலில் நின்றிருந்தாள்.

"நாலையும் மாத்தணும்மா."

"ஒடஞ்சத மட்டும் மாத்து. மத்த மூணும் இருக்கட்டும்."

"ஒண்ணு ஒரு அளவு, மூணு ஒரு அளவுன்னு இருந்தா ஓட்ட முடியாதும்மா."

"நான் ஓட்டச் சொல்லலையே" என்றாள் அம்மா. "அவரு ஆசப்பட்டு எடுத்தது. கொஞ்ச நாளு கெடக்கட்டும்."

உள்ளே செல்போனில் யாருக்கோ காரியத் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்த பரணிதரனின் குரல் பாதியில் நின்றது.

குந்தவை திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்து மண்டியிட்டாள். பழைய வீலைத் தூக்கிப் பொருத்தப் பார்த்தாள். கனமாக இருந்தது. துளைகள் நேர்க்கோட்டுக்கு வராமல் வீல் நழுவியது. மறுபடியும் தூக்கினாள்.

தூறல் தொடங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரணிதரன் படியிறங்கி வந்தான். அவளுக்கு எதிரே குந்தினான். புதிதாய் மழித்த தலையில் மழைத்துளிகள் உருண்டன. இரண்டு கைகளையும் வீலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் முதல் நட்டை எடுத்து விரலாலேயே சுற்ற ஆரம்பித்தாள்.