எசென்பாய்க்கு ஓர் அஷார்

2019 செப்டம்பர் 16, திங்கட்கிழமை காலை, பிஷ்கேக்கில் எங்கள் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இதழுக்காக ஏழு கட்டுரைகள் என் மேசைக்கு வந்தன. ஏழும் ஒரே பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தன. நாரின் மேய்ச்சல் நிலத்துக் காவல் நாய்களின் நாடாப்புழுவைப் பற்றி எசென்பாய் ஷர்ஷெனோவ் 2009இல் எழுதியது அது.

இதழின் பொறுப்பாசிரியர் என்ற முறையில் எந்தக் கட்டுரையையும் நான் இருமுறை படிப்பேன். அன்று ஒருமுறையே போதுமானதாக இருந்தது.

எசென்பாய் எங்கள் ஒட்டுண்ணிப் பிரிவின் தலைவர். நாயின் புழுமுட்டை மனிதருள் சென்று ஈரலில் நீர்க்கட்டியாக வளர்வதைத் தடுக்கவே பாதி வாழ்நாளைக் குதிரைச் சேணத்தில் கழித்தவர்; எழுதியது குறைவு. முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்துபவருக்கு, ஒவ்வொன்றும் ஐந்து முறையேனும் பிறரால் மேற்கோள் காட்டப்பட்ட ஐந்து கட்டுரைகள் வேண்டும் என்று அவ்வாண்டு ஒரு விதி வந்தது. அவருக்கு அத்தகைய கட்டுரைகள் நான்கு இருந்தன. நாய்க் கட்டுரைக்கு மூன்று மேற்கோள்களே. இன்னும் இரண்டு வேண்டும். இல்லையெனில் டிசம்பரில் அவருடைய மாணவர்கள் பறிபோவார்கள்.

குழந்தைகளின் பற்களைப் பற்றிய கட்டுரையில், "நாள்தோறும் பல் துலக்குதல் இன்றியமையாதது" என்னும் வாக்கியத்துக்கு நாரின் நாய்களின் குடல் சான்றாக நின்றது. அதை எழுதிய பல் மருத்துவர் குல்பாராவை அழைத்தேன். அவருக்குத் துணையாக அறுவை மருத்துவர் தாலந்தும் வந்தார். இங்கே நான் எல்லோருக்கும் எஜே, அதாவது அக்கா; எசென்பாய் பைகே, அண்ணன்.

"இது என்ன, குல்பாரா?"

"அஷார், எஜே. பைகே வீட்டுச் சுவர் பாதியில நிக்குது, ஆளுக்கொரு கல்லு எடுத்துக் குடுக்கறோம். நீங்க சமையலறை கட்டுனப்ப தெருவே கூடி கூலி வாங்காம வேலை செஞ்சுதே. யாருக்குக் கொத்து வேலை தெரியும்னு அப்ப கேட்டீங்களா?"

"கேட்டிருக்கணும். தாலந்த் வெச்ச ஜன்னல் இன்னைக்கும் மூட மாட்டேங்குது."

"நான் வயித்தத்தான் மூடுவேன், எஜே," என்றார் தாலந்த்.

அதற்குள் எசென்பாயே செய்தி கேட்டு வந்துவிட்டார். பல் கட்டுரையைப் படித்ததும் அவர் காதுகள் சிவந்தன.

"நாய்க்கும் பல்லு இருக்குதே, எஜே," என்று குல்பாராவைக் காப்பாற்றப் பார்த்தார். பிறகு தாளைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் எடுத்துடுங்க. என் மாணவப் பிள்ளைங்கள யாராவது நல்லாப் பாத்துக்கிட்டாப் போதும்."

"நீங்களே உங்கள ரெண்டு தடவ மேற்கோள் காட்டியிருந்தா இந்தப் பாடு வருமா, பைகே?" என்றார் குல்பாரா.

"அது கணக்குல வராது. வந்தாலும் என்னப் பத்தி நானே எப்படிம்மா பேசறது?"

அவருக்காக என் பேனா தயங்கியது என்பது உண்மை. எனினும் பொய்ச் சான்றுகளை ஒவ்வொன்றாக அடித்தேன். தாலந்தின் கட்டுரையில் அறுவைக் கூடத்தின் வெப்பநிலைக்கு நாய்கள் சான்று கூறிக்கொண்டிருந்தன; அவற்றையும் நீக்கினேன். இரண்டு பத்தி தள்ளி, "நாரினின் இரு பள்ளத்தாக்குகளில் ஈரல் கட்டியோடு வரும் குழந்தைகளுக்கு நுரையீரலிலும் கட்டி இருக்கும் என்பது யாவரும் அறிந்ததே" என்றொரு வாக்கியம் சான்றே இல்லாமல் நின்றது.

"யாவரும்னா யாரு?"

"எல்லாருக்கும் தெரியும், எஜே."

"எனக்குத் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

தாலந்த் எசென்பாயைப் பார்த்தார். "பைகே சொன்னாரு. டீ குடிக்கறப்ப."

"எசென்பாய், இத எங்கயாவது எழுதியிருக்கியா?"

"அந்த நாய்க் கட்டுரையிலதான், எஜே. நாய்ங்களோட அந்த ஊர்ப் பிள்ளைங்களையும் பாத்தோம். மூணாவது அட்டவணை."

"நீ அதப் படிக்கலையா?" என்று தாலந்தைக் கேட்டேன்.

"ஆளே பக்கத்து அறையில இருக்கறப்ப எதுக்குப் படிக்கணும்?"

அவருக்கு மேற்கோள்கள் ஏன் சேரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இக்கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கேட்டே வேலை செய்தார்கள். கேட்டதை "யாவரும் அறிந்தது" என்று எழுதினார்கள். அவ்வாறு அச்சிட்டவற்றில் பல என் கையொப்பத்துடன் வெளிவந்தவை.

ஏழு கட்டுரைகளையும் திருப்பியனுப்பினேன். எசென்பாயிடம் உண்மையாகவே பெற்றது எது என்று ஒவ்வொருவரும் தேடி, அதற்கு மட்டும் சான்று காட்ட வேண்டும் என்றேன். குல்பாரா மூன்று நாள் தேடினார். பற்களில் எதுவும் அகப்படவில்லை; என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுப் பெற்றது எதுவும் அந்த நாய்க் கட்டுரையில் இல்லை. இறுதியில் தாலந்தின் மேற்கோள் ஒன்றே நின்றது.

டிசம்பர் 12 அன்று வழிகாட்டிகளின் தகுதியைப் பார்க்கும் குழு கூடி முடிவு செய்தது. நாய்க் கட்டுரையின் மேற்கோள்கள் நான்கு, விதி நிறைவேறவில்லை. மாணவர்கள் மூவரும் தகுதியுடைய தாலந்தின் பெயருக்கு மாற்றப்படுவர். எசென்பாய் இணை வழிகாட்டியாக நீடிப்பார். அடுத்த டிசம்பரில் கணக்கு மீண்டும் பார்க்கப்படும். மாணவர்கள் அவருடைய அறையிலேயே இருப்பர். "யாவரும் அறிந்ததே" என்று முடியும் எந்த வாக்கியத்தையும் இதழ் இனிச் சான்றின்றி ஏற்காது.