பின் இருக்கை உள்ள வண்டி

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாரும் வண்டியில் பின்னால் உட்கார்ந்ததில்லை. அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஓட்டுகிறவன் மனிதன், பின்னால் இருப்பது சரக்கு என்பார். அவர் போன பிறகும் அண்ணனும் நானும் அந்தச் சொல்லைக் காத்தோம். கல்யாணத்துக்குப் போனால் ஆளுக்கொரு வண்டியில் தனித்தனியாகப் போய் இறங்குவோம். கடைத்தெருவில் எங்களுக்கு ‘முன்சீட்டுக்காரர்கள்’ என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். நாங்கள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டோம்.

அண்ணன் வீடு மலைமேல் இருக்கிறது. காட்டுப் பாதைப் பந்தயங்களில் வண்டி ஓட்டி ஜெயித்த காலத்தில் வாங்கிய இடம். தார் ரோடு அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் வேரும் ஓர் ஓடையும்தான். ஒரு மண்சரிவுக்குப் பிறகு ஜீப்பும் நுழைய முடியாத அளவுக்குப் பாதை ஒடுங்கிவிட்டது.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். என் வீட்டில் வந்து இருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அங்கே குடிவந்தால் திரும்ப மலையேறமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவருடைய மகள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். ஸ்ட்ரெச்சரோடு ஆட்களை அழைத்துப் போனாள், கதவே திறக்கவில்லை. கரடுமுரடான பாதையில் போகிற நாலு சக்கர பைக், ஒரு ஏடிவி வாங்கு, நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன், இருப்பதிலேயே பெரிய இஞ்சினாகப் பார் என்று அண்ணனிடமிருந்து போனில் எனக்கு உத்தரவு வந்தது.

அவர் மகளும் நானும் ஷோரூமுக்குப் போனோம். நடுவில் சிவப்பாக ஒன்று நின்றது. ஆயிரம் சிசி, ஒற்றை இருக்கை. பக்கத்தில் பச்சையாக இன்னொன்று. இஞ்சின் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் நீளம் அதிகம், பின் இருக்கையும் அதற்கு முதுகுச் சாய்மானமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தன. நான் சிவப்பைவிட்டு நகரவில்லை. விற்பனையாளரும் குதிரை சக்தி, இழுவிசை என்று ஒப்பித்துக்கொண்டே போனார். ஏற்றத்தில் பறக்கும் என்றார். அந்தப் பாதையில் ஒரு மனிதன் ஓடுகிற வேகத்துக்கு மேல் போக எங்கே இடம் இருக்கிறது என்று அவரிடம் கேட்டாள் மகள். இதில் ஆக்ஸிலரேட்டர் கட்டைவிரலில், கொஞ்சம் அழுந்தினாலும் முன்னே பாயும். செங்குத்தில் முன்சக்கரம் தூக்கும். பிரேக்கோ இடது கைப்பிடியில். சிகிச்சைக்கு ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருப்பது அவருக்கு அந்தக் கையில்தான். அதை இறுக்கக்கூடாது, குலுக்கக்கூடாது என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சித்தப்பா, நாம குதிரையை எண்ணிக்கிட்டே நிக்கிறோம். அப்பா எங்க உட்காருவார்னு யாரும் கேட்கல.”

“முன்னாலதான்.”

“சரி. ஊசி எடுத்து, தலை சுத்தி, கால் நிக்காம திரும்பி வரும்போது?”

பச்சை வண்டியையே வாங்கினோம்.

பின் இருக்கை இருக்கிறது என்று கேட்டதும் அண்ணன் போனை வைத்துவிட்டார். அதுவரை நின்று நின்று நடந்தே வந்துபோனவர், அடுத்த முறை சிகிச்சைக்கு வரவில்லை. கால் வீங்கிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்த மகள் சொன்னாள். இன்னொரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர்.

அவரைப் பேசி இறக்க முடியாது. நானே அந்த ரகம்தான், எனக்குத் தெரியாதா? ஒரு குடும்பத்தில் வழக்கத்தை மாற்றுவதென்றால் அதை ஒளித்துச் செய்யக்கூடாது. ஒளித்துச் செய்தால்தான் அவமானம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நடுப்பகலில், பச்சை வண்டியின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கடைத்தெரு வழியாகவே போ, மெதுவாகப் போ என்று மகளிடம் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உதிரிபாகக் கடைக்காரன் படியிறங்கி வந்தான்.

“என்னண்ணே, இன்னைக்கு நீங்களே சரக்கா? எங்க இறக்கணும்?”

“அண்ணன் வீட்டுல. வழி விடு.”

அவன் சிரித்த முகத்தோடு விலகினான். பிறகு என்ன நினைத்தானோ, முன்னால் நின்ற சைக்கிளையும் எடுத்து ஓரமாக வைத்தான்.

மலைப்பாதையில் அவள் லோ கியர் போட்டாள். வண்டி ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து ஏறுவதுபோல் ஏறியது. ஓடையில் தண்ணீர் மிதிகட்டைவரை வந்தது. சாய்மானம் முதுகைத் தாங்கியது.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. நான் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பின்னால உட்கார்ந்தா வந்தே?”

“ஆமாண்ணா.”

“கடைத்தெரு வழியாவா?”

“எல்லாரும் பார்த்தாங்க.”

அவர் வண்டியைச் சக்கரத்திலிருந்து பின் கம்பிவரை பார்த்தார்.

“ஏற்றத்துல திணறுச்சா?”

“இல்ல. சத்தம்கூட மாறல.”

உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தாங்கப் போன என் கையை விலக்கிவிட்டு, இரண்டு முறை மூச்சு வாங்கி நின்று, தானே ஏறினார். வலது கையால் கம்பியைப் பிடித்தார். இடது கையை ஒரு குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் நடந்து வருகிறேன் என்றேன்.

“பார்த்து வா. நீ விழுந்தா ஏத்த இதுல இடம் இல்ல,” என்றார்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடாதே, இஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்று அவர் மகளுக்குப் பாடம் நடத்துவது வளைவுவரை கேட்டது. அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். சரிப்பா சரிப்பா என்று மட்டும் சொன்னாள்.

ஓடைக்கு அருகில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, முட்டி வலியையும் மறந்து ஓடினேன். அவர் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார்.

“மெதுவாத்தானே போறோம். கூடவே வாடா,” என்றார்.

அடிவாரம்வரை வண்டியின் பக்கத்திலேயே நடந்தேன். என் நடைக்கு இணையாக ஊர்ந்த அந்த வேகத்திலும் இஞ்சின் ஒருமுறைகூட உதறவில்லை.