ஊசி பார்த்த எலக்ட்ரான்

வேலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் பேராசிரியை கெசியா. நுண்ணிய குறைகடத்திச் சில்லுக்குள் எலக்ட்ரான்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க, 2004இல் அவர் ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில், மெல்லிய ஊசி ஒன்று சில்லைத் தொடாமல் அதன்மேல் நகர வேண்டும். இரண்டு முறை முயன்றும், குளிர்ந்ததுமே ஊசி சிக்கிக்கொண்டது.

கருவியின் பாகங்களை லேத்தில் கடைந்து கொடுத்தவர் ராமலிங்கம். முன்பு ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் பழுது பார்த்தவர்; பிறகு கல்லூரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கருவியைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஊசியப் புடிக்கிறது பீங்கான், மேடம். சுத்தி இருக்கிற கூடு பித்தளை. குளிர்ல பித்தளை ஜாஸ்தி சுருங்கி அத இறுக்கிடுது."

"டைட்டானியம் கம்மியாத்தான் சுருங்கும், அண்ணா. ஆனா கடையறது கஷ்டமாச்சே."

"கஷ்டந்தான். செஞ்சிர்றேன்."

டைட்டானியத்தில் கூட்டைக் கடைந்து முடிக்க நான்கு மாதமாயிற்று. பெங்களூரிலிருந்து மறுபடி ஹீலியம் வந்தது. இந்த முறை ஊசி நகர்ந்தது. திரையில் வரிவரியாகப் படம் விரிந்து, நடுவில் ஒரு சிறு வட்டம் தெரிந்தது.

"அதுக்குள்ள இருக்கிறது ஒரே ஒரு எலக்ட்ரான்," என்றார் கெசியா. ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கெசியா எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயர்களும் இருந்தன. "பட்டறை ஆள் பேரு எதுக்கு?" என்றார் துறைத்தலைவர்.

"கருவியச் செஞ்சவரே அவர்தான், சார்."

அச்சான பிரதியை ராமலிங்கம் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி வள்ளியம்மாள், "இங்கிலீஷா இருக்குதே, இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டாள்.

தன் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அவளுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.