ஒன்றாம் நம்பர் பேசின்

2002ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியபோது க்ளெமான்ஸ் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சோப்புத்தூள் கலந்த தண்ணீர் தேரையின் தலைப்பிரட்டைகளை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. கல்லூரியில் இடம் கிடைக்காததால் சாரம் பகுதியில் இருந்த தன் வீட்டுக் கொல்லையில் ஐந்து பிளாஸ்டிக் பேசின்களை வரிசையாக வைத்தாள். பேசினுக்கு முப்பது. ஒன்றாம் நம்பரில் வெறும் கிணற்றுத் தண்ணீர். மற்ற நான்கிலும் காலையில் சோப்புத்தூள் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். இரண்டில் குறைவு, ஐந்தில் அதிகம். சாயங்காலம் எல்லாவற்றுக்கும் வேகவைத்த கீரை.

அவளுடைய அப்பா அல்பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். தலைப்பிரட்டைகள் வந்த நாள் முதல் அவருக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. தினமும் பேசின் பேசினாகக் குனிந்து எண்ணுவார். அவை ஓரிடத்தில் நிற்காததால் கணக்கு ஒருநாளும் சரியாக வராது. அதற்காக அவற்றைக் கண்டிப்பார்.

பத்தாம் நாள் ஒன்றாம் நம்பரில் பதினாறு செத்து மிதந்தன. மீதி பதினாலும் வால் கோணி, மேலே வந்து வாய் பிளந்தன. இரண்டிலும் மூன்றிலும் இருந்தவை பரவாயில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. க்ளெமான்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் கலியமூர்த்தியிடம் போனாள்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சோப்பு போட்டது நீஞ்சுது, போடாதது சாவுது. இத எழுதிக் குடு, சோப்பு கம்பெனிக்காரன் உனக்கு மாலை போடுவான்."

மறுநாள் காலை அவள் கல்லூரிக்குக் கிளம்பிப் போவதுபோல் போய், தெருவைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்து நின்றாள். அல்பேர் அவளுடைய சோப்புத்தூள் வைத்த ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். ஒன்றாம் நம்பரில் தாராளமாகத் தூவி, விரலால் கலக்கினார்.

"அப்பா, என்ன போடறீங்க?"

"நீ போட மறந்தத."

"நான் எத மறந்தேன்?"

"பத்து நாளா பாக்கறேன். நாலு பேசினுக்கு மருந்து ஊத்தற, இதுக்கு மட்டும் ஒரு சொட்டு இல்ல. பட்டாளத்துல மலேரியா மாத்திரை குடுத்தா ஆபீசர்லேர்ந்து சமையக்காரன் வரைக்கும் எல்லாருக்கும் ஒண்ணுதான். எகாலித்தேன்னா என்ன, எல்லாரும் சமம். உன் படிப்புல அதெல்லாம் இல்லியா?"

"அது மருந்து இல்லப்பா. சோப்புத்தூள்."

அல்பேர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். இருபது வருட மூக்குப்பொடியில் வாசனை என்பதே அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. "நொர வந்துது. சத்துன்னு நெனச்சேன்," என்றார்.

"தெனம் எவ்ளோ போட்டீங்க?"

"ரெண்டு சிட்டிகை. ரொம்ப எளைச்சுப் போனாங்களேன்னு நேத்து மூணு."

ஐந்தாம் நம்பருக்கு அவள் ஒரு வாரத்தில் கொடுத்ததை அவர் ஒரே காலையில் கொடுத்திருந்தார். க்ளெமான்ஸுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

"அதுங்களுக்கு என்னா ஆவும்?"

"செவுளு புண்ணாப் போவும்பா. தோலாலயும்தான் மூச்சு வுடுதுங்க. சோப்பு அதையும் அரிச்சிடும்."

அல்பேர் பட்டாளத்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, காபி வடிகட்டியும் வாளியுமாக வெளியே போனார். மதியம் தொப்பலாகத் திரும்பினார். வாளியில் புதிய தலைப்பிரட்டைகள் நெளிந்தன.

"குளத்துல படிக்கட்டாண்ட ஒண்ணுகூட இல்ல. அங்க ஒரு அம்மா பாக்கெட்ட அப்பிடியே கொட்டித் தொவைக்கறாங்க. எதுத்த கரையிலதான் பிடிச்சேன்."

இரண்டாம் முறை பேசின்களுக்கு எதிரே நாற்காலி போட்டு அவரே காவல் இருந்தார். ஐந்தாம் நம்பரில் மூன்று வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. இடையில் இருந்தவற்றுக்குக் கால் முளைக்கவே தாமதமானது. சிலவற்றுக்கு வால் வளைந்தது. ஒன்றாம் நம்பரில் இருபத்தெட்டு, சுண்டுவிரல் நகம் அளவுத் தேரைகளாக ஏறி வந்தன. கலியமூர்த்தி இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

தேரைகளைக் குளத்தில் விட அல்பேரே போனார். துவைத்துக்கொண்டிருந்தவள் பெயர் தனக்கொடி. தங்கும் விடுதிகளின் போர்வைகளுக்கு அவள்தான் பொறுப்பு.

"இங்க சோப்பு போடக்கூடாதும்மா. இதுங்க செத்துடும்," என்றார்.

"சரிங்க முசே. அழுக்குப் போர்வைய நீங்க எடுத்துக்கறீங்களா?" பிரெஞ்சுப் பட்டாளத்து ஆளை ஐயா என்பதற்கு ஊரில் முசேதான்.

அவர் யோசித்தார். குளத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி, மணல்மேட்டில் ஒரு கருங்கல் கிடந்தது. "அந்தக் கல்லுல தொவைங்க. அழுக்குத் தண்ணிய மணலே குடிச்சிடும், குளத்துக்கு வராது."

"தண்ணிய யாரு தூக்கறது?"

அல்பேர் தன் வாளியைப் பார்த்தார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போன க்ளெமான்ஸ், அப்பா இரண்டு வாளிகளோடு மேட்டில் ஏறுவதைப் பார்த்தாள். தனக்கொடி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"பாதிய வழியிலயே சிந்திட்டீங்க முசே. இன்னும் பத்து நடை போவணும், பெட்ஷீட்டு வேற வருது."

"வரேம்மா, வரேன்," என்று மூச்சு வாங்கியபடி அல்பேர் மறுபடியும் குளத்தில் இறங்கினார்.