மூன்று நாள் குறைகிறது

பெருவிரல் நகத்தின் ஓரத்தில் அவள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், பாதி உடம்பு தேனடைச் சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில், பாதி என் விரலில், கால்கள் இன்னும் எதையோ தேடுகின்றன, நான் அசையாமல் நிற்கிறேன், அசைந்தால்தான் இது நடந்ததாகிவிடும் என்பதுபோல, சுற்றிலும் ரப்பர் மரங்கள் புதுத்தளிர் விட்டு வெயிலில் சிவந்து நிற்கின்றன, பயிற்சி நிலையத்தின் பின்பக்கம் பன்னிரண்டு தேன்பெட்டிகள், எட்டாவது என்னுடையது, என்னுடையது என்று இந்த உலகத்தில் நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான், அதன் ராணியை நானே நசுக்கிவிட்டேன். படிப்பு செய்த வேலை இது. தேர்வுக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது, முட்டை மூன்று நாள், புழு ஐந்து நாள், கூட்டுப்புழு ஏழு நாள் என்று கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டே சட்டத்தை உள்ளே இறக்கினேன், முப்பத்தொன்பது வயதில் மனப்பாடம் செய்தால் அப்படித்தான், மண்டைக்குள் ஒன்று ஏறினால் கையிலிருந்து ஒன்று விழுந்துவிடுகிறது.

மூன்று மாதப் பயிற்சி அது, எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு, அன்றே அவரவர் பெட்டியைத் திறந்து ராணியையும் முட்டையையும் தேர்வாளரிடம் காட்ட வேண்டும், முட்டை இல்லாத பெட்டிக்குத் தேர்ச்சி இல்லை. தேறினால் மலையடிவாரத்தில் ஒரு மகளிர் சங்கத்தில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை, தங்க ஓர் அறையும் உண்டு, நான் போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு ஜன்னல், ஓர் அடுப்புத்திட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள், அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன், கூட வந்தவர் சிரித்தார். தேறாவிட்டால் அண்ணன் வீடுதான், மைனி ஒரு சுடுசொல் சொல்லமாட்டாள், காலையில் காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, இனி என்ன செய்யலாம்னு இரிக்க, என்று மட்டும் கேட்பாள், போன ஞாயிறு போனபோதும் கேட்டாள், இனியும் கேட்பாள், நான் காப்பி ஆறும்வரை தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ராணி போனது கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும் என்று பாடத்தில் இருக்கிறது, தெரிந்துவிட்டது, உள்ளேயிருந்து ஒரு முனகல் எழுந்தது, அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மாத வயிறு காலியாகித் திரும்பிய மத்தியானம், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து முனகினார்கள், அத்தை மட்டும் வாயைத் திறந்தாள், நீ என்னத்தையோ தூக்கியிருப்ப, சொல்லு, என்னத்தத் தூக்குன, நான் ஒண்ணும் தூக்கல அத்த, பின்ன எப்படிப் போச்சு, எனக்குத் தெரியாது அத்த, என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி, அப்போ அம்ம பொய்யா சொல்லுதா, என்றார். அதற்கு முன்பு ஒரு சங்கிலி காணாமல் போயிருந்தது, அப்போதும் நான் இல்லை என்றேன், அது அரிசிப் பானைக்குள் கிடைத்தபோது யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அந்த வீட்டை விட்டு வரும்வரை பதினோரு வருஷம், நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, தூக்கத்தில் எழுந்துபோய் எதையாவது தூக்கியிருப்பேனோ என்று, இப்போதும் கனவில் நான் தண்ணீர்க் குடத்தோடு நடக்கிறேன், குடத்துக்குள் தேனீக்கள் முனகுகின்றன, இறக்கி வைக்க இடமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் வேலைக்காரத் தேனீக்கள் எல்லோரும் சேர்ந்து சட்டத்தின் அடியில் ராணிக்கான அறை கட்டியிருந்தார்கள், நிலக்கடலை போலத் தலைகீழாகத் தொங்கியது, இருக்கிற புழுவில் ஒன்றை எடுத்து வேறு தீனி கொடுத்து ராணியாக்கிக்கொள்வார்கள், யாரைக் குற்றம் சொல்லலாம் என்று கூடிப் பேசமாட்டார்கள், அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. பழையவள் செத்த நாளிலிருந்து எண்ணினால் புது ராணி வெளியே வரப் பன்னிரண்டு நாள், பறந்துபோய் ஆண்தேனீக்களோடு கூடித் திரும்ப இன்னும் ஐந்து நாள், முட்டையிட மேலும் மூன்று, ஆக இருபது. நோட்டில் எத்தனை தடவை போட்டாலும் மூன்று நாள் குறைகிறது, பயிற்சி நிலைய விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஷெர்லின் எட்டிப் பார்த்தாள், இருபத்திரண்டு வயது, எதையும் ஒளிக்கத் தெரியாத பெண், ஒளித்தாலும் விடமாட்டாள். யக்கா, இதுக்குப் போயா பேடிக்கிய, எனக்க பெட்டியில முட்டை நெறையக் கெடக்கு, ஒரு சட்டத்த எடுத்து உங்களுக்க பெட்டியில வச்சிருவோம், சாருக்கு எங்க தெரியப்போவுது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது, சரி என்றேன்.

தேர்வாளர் சுகுமாரன் சார் வெளியூர்க்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டிக்குள் குனிகிறார், நான் காலையில் வைத்த சட்டத்தையே கேட்கிறார், தூக்கிக் காட்டுகிறேன், ஒவ்வோர் அறையிலும் ஒரு வெள்ளை முட்டை, அழகாக, அடுத்த சட்டத்தில் புது ராணி மெலிந்த உடம்போடு குறுக்கே ஓடுகிறாள், அவர் தலையாட்டிக்கொண்டு தாளில் எழுதுகிறார், பெட்டியை நல்லா வச்சிருக்கீங்கம்மா, உங்ககிட்ட ஒரு தப்பும் இல்ல, என்கிறார். பதினோரு வருஷம் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கூடத்தில் நின்றிருக்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறேன், அது வந்துவிட்டது, கடைசியில் ஒரு பொய்யின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. சார், அந்த முட்டை எனக்க பெட்டியில உள்ளது இல்ல, வேற பெட்டியிலேந்து எடுத்து வச்சது, பழைய ராணிய நாந்தான் கொன்னேன், சட்டத்த எறக்கும்போது நசுங்கிப் போச்சு, இன்னைக்குப் பதினேழு நாள். தூரத்தில் ஷெர்லின் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இனிமேல் வரப்போகும் கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், யார் பார்த்தது, எப்படி, வேற என்ன மறைக்கிற, என் தோள் தானாகவே குறுகியது. அவர் திரும்பவும் குனிந்து, ஓடுகிற ராணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சரிம்மா, என்றார், நீங்க சொன்னா சரிதான், இதுக்கு அஞ்சு நாள் வயசுதான் இருக்கும், இன்னும் முட்டை வச்சிருக்காது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார், தேர்வுக்கு விதின்னு ஒண்ணு இருக்கேம்மா, ஆடியில அடுத்த வகுப்பு, வந்து எழுதுங்க, என்றார். ஆடிவரை அந்த அறை எனக்காகக் காத்திருக்காது, அது தெரியும், தெரிந்தும் எனக்கு வந்த அழுகை அதற்கானதில்லை. மார்க்குக்காக அழாதீங்கம்மா. மார்க்குக்கு இல்ல சார், நான் சொன்னத நம்பிட்டிய இல்லியா, அதுக்கு. அவருக்குப் புரியவில்லை, ஒன்பதாம் பெட்டிக்கு நகர்ந்துவிட்டார். நான் ராணி ஓடும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், ராணி என் பெருவிரல் மேல் ஏறி நின்றாள், அவள் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, எதையும் ஒப்பிக்காமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக இறக்கினேன்.